சிறு மானியம், ஒரே ஒரு பருவம்

காடு, கடல், காட்டுயிர் ஆகியவற்றை அவற்றின் அருகில் வாழும் மக்களே காக்கும் திட்டங்களுக்கு வளரும் நாடுகளில் கிடைக்கும் 'சிறு மானியம்' பெரும்பாலும் 5,000 டாலருக்கும் 50,000 டாலருக்கும் இடைப்பட்டது. காலம் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. கொடுப்பவர் கணக்கில் அது சில்லறை. வாங்கும் ஊர்ச் சங்கத்துக்கோ, அதன் வங்கிக் கணக்கு அதுவரை கண்டிராத தொகை. பணம் போதாமல் கெட்ட திட்டங்களைவிட, தவறான பருவத்தில் வந்தும் தவறான செலவில் போயும் கெட்ட திட்டங்களே அதிகம் என்பது என் கணிப்பு. விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்காமல், மானியம் முடிந்த மறு ஆண்டில் அந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எழுதுவது நல்லது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1992இல் தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக 130க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றிருக்கிறது. நீண்ட காலம் அதன் உச்சவரம்பு 50,000 டாலர். யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தேசிய வழிகாட்டுக் குழு முடிவு செய்யும். அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மை. உள்ளூர் மொழியில் எழுதலாம். எழுத இயலாத குழுக்கள் காணொளியாகவே கோரிக்கையை முன்வைத்ததும் உண்டு. இந்தத் திட்டம் அமைப்புகளுக்கும் சமூகக் குழுக்களுக்கும் உரியது. தனி ஆளுக்கு அல்ல. பிரிட்டனின் ரஃபோர்டு அறக்கட்டளை இதற்கு நேர்மாறு. களத்தில் வேலை செய்யும், பெரும்பாலும் தொழில் வாழ்வின் தொடக்கத்தில் இருக்கும் தனிநபரையே அது நம்புகிறது. சில ஆயிரம் பவுண்டில் தொடங்கி, ஒரு கட்டத்தை முடித்தவர்களைப் படிப்படியாக அடுத்த கட்டத்துக்கு ஏற்றிவிடும். முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதியம் 25,000 டாலர் வரை தரும். ஆனால் அதன் கண் முழுக்க ஒரு குறிப்பிட்ட உயிரினத்தின் மேல்தான். 2000இல் தொடங்கிய சி.இ.பி.எஃப். (Critical Ecosystem Partnership Fund) நிதியம், பல்லுயிர் அடர்ந்தும் அழிவின் விளிம்பிலும் இருக்கும் 'ஹாட்ஸ்பாட்' பகுதிகளுக்கு மட்டும் உரியது. அதன் சிறு மானியங்களை அந்தந்த வட்டாரத்தில் ஓர் அமைப்பு நிர்வகிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெங்களூரின் ஏட்ரீ (ATREE) ஆய்வு நிறுவனம் அந்தப் பொறுப்பில் இருந்தது.

தவளை ஒன்றின் இனப்பெருக்கத்தைப் படிக்கும் திட்டத்தை வாழ்வாதாரம் கேட்கும் நிதியத்துக்கு அனுப்புவதும், மகளிர் குழுவின் அடுப்புத் திட்டத்துக்கு ஒரு பறவையின் பெயரை ஒட்டி உயிரின நிதியத்துக்கு அனுப்புவதும் மாதக்கணக்கான உழைப்பை வீணாக்கும். தேர்வுக் குழுவினர் அந்த ஒட்டுவேலையை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணம் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

சிறு மானியம் ஒருமுறைச் செலவுக்கானது. மாதச் சம்பளம், ரோந்துக் கூலி, படகு எரிபொருள், இழப்பீடு ஆகிய நான்கில் எதை மானியத்தில் கட்டினாலும், பணம் தீரும் நாளில் அந்த வேலையும் நிற்கும். ரோந்துக் கூலியில் இன்னொரு கேடும் இருக்கிறது. அதுவரை ஊர்க் கட்டுப்பாடாக, முறை வைத்துச் செய்துவந்த காவல், கூலி வந்ததும் வேலையாக மாறிவிடுகிறது. கூலி நின்றபின் 'சும்மா ஏன் போக வேண்டும்' என்ற கேள்வி எழும். பழைய முறைக் காவலும் திரும்ப வராது. ரோந்துக்குப் பணம் ஒதுக்கியே தீர வேண்டுமென்றால் டார்ச், மழைக்கோட்டு, ஜி.பி.எஸ். கருவி, காலணி என்று பொருளாகக் கொடுங்கள். நாட்கூலி வேண்டாம்.

பனிச்சிறுத்தை வாழும் நாடுகளில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். சிறுத்தை இரவில் பட்டிக்குள் இறங்கினால் ஒரு ஆட்டோடு நிற்பதில்லை. அடைபட்ட இடத்தில் மந்தை மிரண்டு ஓட ஓட, அது கொன்றுகொண்டே போகும். ஒரே இரவில் மந்தையின் பெரும்பகுதியை இழந்த குடும்பம் மறுநாள் விஷம் வைக்கவோ பொறி வைக்கவோ துணிவதில் வியப்பில்லை. சிறுத்தை நுழைவது பெரும்பாலும் திறந்த கூரை வழியாகவோ, காற்றுக்கு விட்ட திறப்பு வழியாகவோ, சரியாக மூடாத கதவு வழியாகவோதான். ஆகவே மானியம் கம்பிவலை, தாங்கு கட்டைகள், நிலையோடு கூடிய கதவு, கீல், தாழ்ப்பாள் ஆகியவற்றை வாங்கட்டும். கல்லும் மண்ணும் உழைப்பும் குடும்பத்தினுடையதாக இருக்கட்டும். இந்த வேலை கெடும் இடங்களும் தெரிந்தவையே. மெல்லிய கம்பிவலை பனியின் சுமையில் தொய்ந்து, அடுத்த குளிர்காலத்தில் விளிம்பில் பிய்ந்துவிடும். ஆகவே நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கட்டாயம். ஈர மரத்தில் செய்த கதவு காய்ந்ததும் வளைந்து இடைவெளி விடும். செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் கதவில்தான் கை வைக்கிறார்கள். சிறுத்தையும் அங்கேதான் நுழைகிறது.

அதே தொகையை 'இழப்பீட்டு நிதி' என்று வைத்தால் இரண்டாவது குளிர்காலத்துக்குள் கரைந்துவிடும். அதையே மேய்ப்பர்கள் தலைக்கு இவ்வளவு என்று சந்தா கட்டும் கால்நடைக் காப்பீட்டுக்கு முதல் விதைப்பணமாக வைத்தால் கதை வேறு. பாகிஸ்தானின் பல்திஸ்தானில் 1990களின் இறுதியிலும், இந்தியாவின் ஸ்பிதியில் 2002 முதலும் இப்படிப்பட்ட ஊர்க் காப்பீடுகள் தொடங்கின. கோரிக்கையைச் சரிபார்ப்பது ஊர்க் குழு. நோயில் செத்த ஆட்டைச் சிறுத்தை கொன்றதாகக் காட்டினால் போவது பக்கத்து வீட்டுக்காரரின் சந்தா என்பதால் பொய்க் கோரிக்கை குறைகிறது. மங்கோலியாவில் மேய்ப்பர் குடும்பப் பெண்கள் கம்பளிக் கைவினைப் பொருள் செய்யும் திட்டத்தில் ஆண்டு முடிவில் ஒரு போனஸ் உண்டு. அந்தப் பகுதியில் யாராவது பனிச்சிறுத்தையைக் கொன்றால் குழு முழுவதும் அதை இழக்கும். சட்டத்துக்கு எட்டாத இடத்தில் இந்த ஒரு விதி காவல் காக்கிறது.

ஆனால் சிறு மானியத்தில் வாங்கக்கூடிய பொருள்களில் மிக நீண்ட ஆயுள் உள்ளது எது என்று கேட்டால், பதிவுச் சான்றிதழ் என்பேன். நேபாளத்தில் 1993ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, ஒரு பயனாளர் குழு தன் விதிமுறையையும் காட்டுக்கான செயல்திட்டத்தையும் எழுதி மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்புதல் பெற்றால் காட்டின் நிர்வாகம் அதன் கைக்கு வந்தது (அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019இல் புதுச் சட்டம் வந்துவிட்டது). நமீபியாவில் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எல்லை வரையறை, உறுப்பினர் பட்டியல், செயற்குழு, விதிமுறை, வருவாயைப் பங்கிடும் திட்டம் ஆகியவற்றோடு வரும் சமூகம் தன் நிலத்தைக் 'கன்சர்வன்சி' என்னும் சமூகக் காப்பகமாகப் பதிவு செய்து, அங்குள்ள காட்டுயிரால் வரும் வருவாய்க்கு உரிமை பெறலாம். எல்லையை நடந்து அளப்பது, பக்கத்து ஊரோடு உட்கார்ந்து தகராறைத் தீர்ப்பது, வரைபடம் போடுவது, கூட்டங்களுக்குச் சாப்பாடு போடுவது என்று எல்லாமே சில ஆயிரம் டாலருக்குள் முடியும் ஒருமுறை வேலைகள். புகைப்படத்தில் அழகாக வராது என்பதால் விண்ணப்பங்களில் இவை அரிதாகவே தென்படுகின்றன. உரிமை இல்லாத நிலத்தில் மரம் நட்டு, அது வளர்ந்தபின் வேறொருவர் வந்து வெட்டிய கதை எல்லாக் கண்டங்களிலும் உண்டு.

நாட்காட்டி

மழை ஜூனில் தொடங்கும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் நட வேண்டிய நாற்று முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும். தண்டின் அடி மரத்தன்மை அடைந்திருக்க வேண்டும். பெரும்பாலான காட்டு மரங்களுக்கு அதற்கு நாற்றுப்பையில் ஆறு முதல் ஒன்பது மாதம் தேவை. அப்படியானால் விதைப்பு செப்டம்பர் முதல் டிசம்பருக்குள். அதற்கு முன் விதை சேகரிப்பு. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை உலர்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். பழுத்து விழுந்த சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் ஊன்றியாக வேண்டும். சேமித்து வைத்துப் பிறகு போடலாம் என்பது அவற்றிடம் செல்லாது.

இப்போது நிதியின் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து முடிவு வர மூன்று நான்கு மாதம். ஒப்பந்தம், வங்கி விவரம், கையெழுத்து, முதல் தவணை என்று இன்னும் ஒன்றிரண்டு மாதம். பணம் மார்ச்சில் வந்தால் நாற்றங்கால் போட நேரமில்லை. ஜூனுக்குள் நட்டாக வேண்டும் என்ற பதற்றத்தில் எந்த நர்சரியில் எது கிடைக்கிறதோ அதை வாங்குவார்கள். கிடைப்பது வேகமாக வளரும் வணிக இனங்களே. அடுத்த பிப்ரவரியில் ஓராண்டு முடிந்து இறுதி அறிக்கை போகும்போது நாற்றுகள் ஒரு கோடையைக்கூடக் கண்டிருக்காது. அறிக்கையில் '90 விழுக்காடு உயிரோடு உள்ளன' என்று எழுதுவார்கள். அது பொய்யல்ல. அந்த எண்ணுக்குப் பொருளும் இல்லை.

இதற்கு வழிகள் உண்டு. திட்டத் தொடக்கத் தேதியை விதைக் காலத்துக்கு மாற்றிக் கேட்கலாம். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலான நிதியங்கள் ஒப்புக்கொள்ளும். 12 மாதத்துக்குப் பதில் 18 மாதம் கேட்கலாம். தொகை கூட வேண்டியதில்லை. அல்லது நடுவதையே விட்டுவிட்டு, தானாக முளைத்து நிற்கும் கன்றுகளைக் காப்பாற்றலாம். கன்றுகளைத் தேடிக் குச்சி நட்டு அடையாளமிட்டு, சுற்றிலும் அரை மீட்டர் வட்டத்துக்குப் புல்லை அகற்றி அல்லது மிதித்துச் சாய்த்து, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டி, ஆடுமாடு நுழையாமல் பார்த்துக்கொண்டாலே போதும். ஒரு ஹெக்டேருக்கு சில நூறு கன்றுகள் ஏற்கெனவே நின்றால் இந்த வழி நடவைவிட மிகவும் மலிவு. இனமும் அந்த மண்ணுக்கு உரியதாக இருக்கும். நடவு விழா நடத்த முடியாது என்பதுதான் ஒரே குறை.

அலையாத்தி நடவில் பிழை இடத்தில் தொடங்குகிறது. தகராறில்லாத இடம் வேண்டும் என்பதற்காகத் தாழ்ந்த சேற்றுத் திட்டிலும் கடற்புல் படுகையிலும் சுரபுன்னையின் நீண்ட விதைநாற்றைக் குத்தி வைப்பார்கள். கையில் எடுக்க எளிது, ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் ஊன்றலாம். ஆனால் அந்த இடங்கள் நாளில் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கும். அலை அடிக்கும், கொட்டலசு தண்டில் ஏறும், பாசி இழுத்துச் சாய்க்கும். பிலிப்பைன்ஸில் பல ஆண்டு நடவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் என்றது. தவறான இனமும் தவறான இடமுமே காரணம் என்றது. கடலைப் பார்த்த முன்வரிசை பெரும்பாலும் வெண்கண்டல் போன்றவற்றின் இடம். கைவிடப்பட்ட இறால் பண்ணை கையில் இருந்தால், நடுவதற்கு முன் கரையை உடைத்து ஓதம் ஏறி இறங்க வழி செய்யுங்கள். தாய் மரங்கள் அருகில் இருந்தால் விதை தானாகவே வரும். அந்தப் பண்ணை நிலம் யாருடையது என்பது கடினமான கேள்வி. அதனால்தான் எல்லோரும் சேற்றுத் திட்டுக்கு ஓடுகிறார்கள்.

கடலில் தற்காலிக மீன்பிடித் தடை சிறு மானியத்துக்கு நன்றாகப் பொருந்தும், உயிரினம் சரியாக இருந்தால். தென்மேற்கு மடகாஸ்கரின் அந்தவதுவாக்காவில் 2004இல் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் பாறைத் திட்டு ஒன்றை ஊரார் சுமார் ஏழு மாதம் மூடினார்கள். பேய்க்கணவாயின் ஆயுளே குறைவு. சில மாதங்களில் எடை பல மடங்கு ஏறும். திறந்ததும் பலன் கண்ணுக்குத் தெரிந்தது, சுற்றியிருந்த ஊர்களும் பின்பற்றின. இதே நம்பிக்கையோடு களவா மீனுக்கு ஏழு மாதத் தடை போட்டால் ஏமாற்றம்தான். அது முதிர்ச்சியடையவே பல ஆண்டு ஆகும். ஃபிஜியின் உச்சுனிவனுவா கிராமம் 1997இல் 24 ஹெக்டேர் பரப்பை மூடியபோது மையமாக வைத்தது சிப்பியை. மூன்று ஆண்டுக்குத் தடை போட்டார்கள். தெற்குப் பசிபிக் பல்கலைக்கழகத்தின் பயிற்சியோடு எண்ணிக்கையை ஊராரே எடுத்தார்கள்.

தடையை விடத் திறப்பு நாள் ஆபத்தானது. சேதி பரவி, தடைக் காலத்தில் ஒன்றும் இழக்காத ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும். ஒரே நாளில் பல மாத விளைச்சல் கரையேறினால் விலை சரியும், ஐஸ் தீரும், பாறை மிதிபடும். ஆகவே யார் இறங்கலாம், எத்தனை நாளுக்கு, எந்த எடைக்குக் கீழே விட்டுவிட வேண்டும், வாங்குபவர் என்ன விலை தருவார் என்பதைத் திறப்புக்கு முன்பே எழுத்தில் வையுங்கள். மடகாஸ்கரில் 'தீனா' என்னும் ஊர்க் கட்டுப்பாடு இதற்கு உதவுகிறது. நீதிமன்ற ஒப்புதல் பெற்றால் அதற்குச் சட்ட வலுவும் உண்டு. அளவிடுவது மொத்தப் பிடிப்பை அல்ல, ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் பிடித்த எடையை. ஆள் எண்ணிக்கை கூடினால் மொத்தமும் கூடும். கடல் செழித்ததா என்று அது சொல்லாது. தொங்கு தராசு, நோட்டு, மாதத்தில் இரண்டு மூன்று நாள் கரையில் நிற்கும் ஒருவர். தடைக்கு முன் குறைந்தது மூன்று மாதக் கணக்கு இல்லையென்றால் பின்னால் எதோடும் ஒப்பிட முடியாது.

தேனீ வளர்ப்பு எல்லா விண்ணப்பத்திலும் வரும். அதைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் எழும். பெட்டி வாங்குவது எளிது, குடியேற்றுவதும் தக்கவைப்பதும்தான் வேலை. பூ இல்லாத மாதங்களில் கூட்டம் பறந்துபோகும். எறும்பு ஏறும். மெழுகுப்பூச்சி அடையை அரிக்கும். எந்த மாதம் எந்த மரம் பூக்கும் என்ற பட்டியல் இல்லாத தேன் திட்டத்தை நம்பாதீர்கள். கென்யாவில் யானைக்கு எதிராக உருவாக்கிய தேனீ வேலியிலும் இதுவே கதை. 10 மீட்டருக்கு ஒரு பெட்டி, ஒன்றுவிட்டு ஒன்று போலிப் பெட்டி, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைத்து யானை முட்டினால் ஆடும்படி தொங்கவிடுவார்கள். 400 மீட்டர் சுற்றளவுள்ள வயலுக்கு 40 இடம், 20 உண்மைப் பெட்டி. அந்த இருபதில் பாதியில் தேனீ இல்லாவிட்டால் அது வெறும் கம்பி வேலி. தூணில் கிரீஸ், பெட்டிக்கு மேல் நிழற்கூரை, வறட்சியில் அருகே தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள்.

கணக்கு

தவணைகளைப் பாருங்கள். முதலில் பாதி, இடைக்கால அறிக்கைக்குப் பின் ஒரு பகுதி, இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பின் கடைசிப் பத்து விழுக்காடு என்ற பாணி பரவலானது. அந்தப் பத்து விழுக்காட்டு வேலையைச் சங்கம் கைப்பணம் போட்டு முடித்தாக வேண்டும். கையில் இருப்பு இல்லாத சங்கம் கடைக்காரரிடம் கடன் சொல்லும், கூலியைத் தள்ளிப்போடும், ஊரில் பெயர் கெடும். ஆகவே ஆள்கூலி வேலைகளை முதல் இரு தவணைகளுக்குள் முடித்து, அறிக்கை, இறுதிக் கூட்டம், தணிக்கை போன்றவற்றைக் கடைசிக்கு வையுங்கள். வெளிநாட்டுப் பணம் ஒவ்வொரு முறை வரும்போதும் இடைநிலை வங்கிகள் ஒரு தொகையைக் கழிக்கும். அதையும் மாற்று விகித ஏற்ற இறக்கத்தையும் பட்ஜெட்டில் காட்டுங்கள். 'எதிர்பாராச் செலவு' என்ற தலைப்பைச் சில நிதியங்கள் ஏற்காது. அப்படியானால் போக்குவரத்தையும் பொருள் விலையையும் பழைய பில்லை வைத்துக் கணக்கிடாமல், வாங்கப் போகும் மாதத்துக்கான விலைப்புள்ளியை வைத்துக் கணக்கிடுங்கள்.

நாட்டுச் சட்டத்தை விண்ணப்பத்துக்கு முன்பே படிக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வந்த பணத்தை ஓர் அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். பெரிய அமைப்பு வாங்கி ஊர்ச் சங்கத்துக்குப் பிரித்துத் தரும் பழைய வழி அதோடு அடைபட்டது. வெளிநாட்டு நன்கொடை பெற அரசின் அனுமதி இல்லாத சங்கத்தின் பெயரில் எழுதிய விண்ணப்பம், தேர்வானாலும் பணமாகாது.

ஊரின் பங்களிப்பைக் காட்டச் சொல்லும் இடத்தில் பலர் ஒரு உருண்டைத் தொகையை எழுதிவிட்டு ஆதாரமில்லாமல் திண்டாடுகிறார்கள். உள்ளூர் நாட்கூலி விகிதம், வந்தவர் பெயர், தேதி, வேலை, கையெழுத்து அல்லது கைரேகை கொண்ட வருகைப் பதிவேடு ஒன்றே போதும். சந்தைக் கடைகளில் பில் தராத பொருள்களுக்கு எண்ணிட்ட வவுச்சர் எழுதி, விற்றவர் கையெழுத்தும் சங்கத்தில் இருவர் கையெழுத்தும் வாங்குங்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். அந்த மூவரும் ஒரே குடும்பமாக இருந்தால் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஊர் நம்பாது. ஒவ்வொரு தவணையின் வரவு செலவையும் பெரிய எழுத்தில் பொது இடத்தில் ஒட்டிவிடுங்கள். தணிக்கையாளர் கேட்காத கேள்வியை அங்கே யாராவது கேட்பார்கள்.

இறுதி அறிக்கைக்குத் தேவையான எண்கள் முதல் மாதத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று அளவீடுகள் போதும், ஊராரே எடுக்கக்கூடியவை. விறகு அடுப்புத் திட்டமென்றால் 'எத்தனை அடுப்பு கொடுத்தோம்' என்பது அளவீடு அல்ல. சில வீடுகளில் புது அடுப்புக்கு முன்னும் பின்னும், அதே பருவத்தில், சில நாள் தொடர்ந்து விறகை நிறுத்துப் பார்க்க வேண்டும். விருந்து நாளில் பெரிய பானை அந்த அடுப்பில் நிற்காததால் பழைய கல்லடுப்பும் சேர்ந்தே எரிந்தது என்பது அப்போதுதான் வெளிப்படும். அதை அறிக்கையில் எழுதுங்கள். பானையின் விட்டத்தையும் எழுதுங்கள். அடுத்த கட்ட மானியத்துக்கான விண்ணப்பத்தில் அடுப்பின் வாயை எவ்வளவு அகலப்படுத்துவது என்ற வரியை அந்த அளவிலிருந்துதான் எழுத முடியும்.